பரோக் கால நிலக்காட்சி எட்சிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் அமிலத்தால் பொறித்துத் தாளில் அச்சிடப்பட்ட நிலக்காட்சிப் படங்களைப் பற்றி ஓவிய ஆர்வலர்களும் மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இக்கலை மிகச் செழித்தது நெதர்லாந்தில் என்பதால், பதில்கள் பெரும்பாலும் ஹார்லெம், ஆம்ஸ்டர்டாம் ஆகிய இரு நகரங்களைச் சுற்றியே அமைகின்றன.

எட்சிங் என்பது என்ன? எங்கிரேவிங்கும் அதுவும் ஒன்றுதானா?

இரண்டிலும் உலோகத் தகட்டில் பள்ளமான கோடுகள் உண்டாக்கப்படுகின்றன. அந்தப் பள்ளங்களில் மை நிரப்பப்பட்டு, ஈரத் தாள் தகட்டின்மேல் அழுத்தப்படும்போது மை தாளுக்கு ஏறுகிறது. பள்ளம் எப்படி உண்டாகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. எங்கிரேவிங்கில் கலைஞர் கூரிய உளியைக் கையால் தள்ளி, செம்பை நேரடியாகக் கீறி எடுக்கிறார். இது பொற்கொல்லர் பட்டறையில் பிறந்த வித்தை. கோட்டின் ஆழத்தையும் வளைவையும் கட்டுப்படுத்தப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். எட்சிங்கில் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு இடப்படுகிறது. கலைஞர் ஓர் ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறி வரைகிறார். செம்பு வெளிப்பட்ட இடங்களை அமிலம் அரித்துப் பள்ளமாக்குகிறது. ஊசி மெழுகின்மேல் தடையின்றி ஓடுவதால், தாளில் பேனாவால் வரையும் அதே விரைவும் நெளிவும் கோட்டில் கிடைக்கின்றன.

நிலக்காட்சி வரைந்தவர்கள் எட்சிங்கை விரும்பியதற்குக் காரணம் என்ன?

மேற்சொன்ன விரைவும் நெளிவுமே காரணம். உளி தரும் கோடு வழவழப்பானது, நடுவில் தடித்து நுனியில் மெலிவது, ஒழுங்கானது. மனித உடலின் தசையையும் பட்டுத் துணியின் மடிப்பையும் காட்ட அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் இலைக்கூட்டமும், இடிந்த சுவரும், காற்றில் சாயும் நாணலும், மழைக்குப் பின் குழம்பிய வண்டித்தடமும் ஒழுங்குக்கு அடங்காதவை. அவற்றுக்கு நடுங்கும், முறியும், சில இடங்களில் புள்ளியாகவே நின்றுவிடும் கோடு தேவைப்படுகிறது. தச்சன் கையிலோ பொற்கொல்லன் கையிலோ பழகாத ஓவியர்களும் எட்சிங்கில் தாமே தகட்டில் வரைய முடிந்தது என்பது இன்னொரு காரணம். வேறொருவர் வரைந்ததைப் பார்த்துப் பொறிக்கும் தொழிலாளியின் இடையீடு இல்லாமல், ஓவியரின் சொந்தக் கைவீச்சே தாளில் வந்து நின்றது.

ஆனாலும் இதைப் பதினேழாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1518-இலேயே இரும்புத் தகட்டில் பீரங்கியுடன் கூடிய நிலக்காட்சி ஒன்றை எட்சிங்காகச் செய்திருக்கிறார். சில ஆண்டுகளில் இன்னொரு ஜெர்மானிய ஓவியரான ஆல்ட்டார்ஃபர் மனிதரே இல்லாத மலைக்காட்சிகளைப் பொறித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர்கள் செய்தது, அந்த அரிதான முயற்சியை அன்றாட வழக்கமாக்கியது.

ஹார்லெம் நகரம் இதில் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது?

ஹார்லெம் 1572-73-இல் ஸ்பானியப் படையின் நீண்ட முற்றுகையில் பட்டினி கிடந்து வீழ்ந்த ஊர். அதன் சுற்றுப்புறம் அந்தப் போரின் வடுக்களோடு இருந்தது. முற்றுகைத் தளபதி தங்கியிருந்த கிளீஃப் கோட்டை இடிபாடாக நகருக்கு வெளியே நின்றது. 1609-இல் ஸ்பெயினுடன் பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது, நகர மக்கள் மதிலைத் தாண்டி அச்சமின்றி நடந்து செல்லத் தொடங்கினார்கள். கடற்கரை மணல்மேடுகள், துணி வெளுக்கும் திடல்கள், வழியோரச் சத்திரங்கள், சான்ட்வோர்ட் மீனவர் சிற்றூர் என அவர்கள் நடந்து பார்த்த இடங்களே படங்களுக்குப் பொருளாயின.

பதிப்பாளர் கிளாஸ் யான்ஸ் விஸ்ஸர் ஏறத்தாழ 1611-12-இல் வெளியிட்ட 'இனிய இடங்கள்' என்ற தொகுதியில் ஹார்லெமைச் சுற்றியுள்ள இத்தகைய இடங்கள் பன்னிரண்டு சிறிய தாள்களில் அடங்கியிருக்கின்றன. தொலைவு பயணம் செய்ய நேரமில்லாத அன்பர்கள் இவற்றைக் கண்டு மகிழலாம் என்ற பொருளில் ஒரு செய்யுளையும் அவர் அதில் சேர்த்தார். அதாவது வாங்குபவர் நகர வணிகர் அல்லது கைவினைஞர். காட்டப்படுவது அவர் ஞாயிற்றுக்கிழமை நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் நிலம். அதுவரை ஐரோப்பிய நிலக்காட்சி பெரும்பாலும் ஒரு புனிதரோ புராண நாயகரோ நிற்பதற்கான பின்னணியாக இருந்தது. இங்கோ நாயகர் யாரும் வரவில்லை. வைக்கோல் போரும் வேலியும் நாயும் போதுமென்று ஒரு பதிப்பாளர் பணம் போட்டார் என்பதைக் கலை வரலாற்றின் துணிச்சலான முடிவுகளில் ஒன்றாகவே கருத வேண்டும்.

விஸ்ஸரின் துணிச்சலுக்கு முன்மாதிரி இருந்தது. ஆன்ட்வெர்ப் பதிப்பாளர் ஹியரோனிமஸ் கோக் 1559-லும் 1561-லும் வெளியிட்ட 'சிறு நிலக்காட்சிகள்' தொகுதியில் ஆன்ட்வெர்ப்பைச் சுற்றிய பிரபந்த் என்னும் வட்டாரத்தின் சாதாரணக் கிராமத் தெருக்கள் இடம்பெற்றன. அவற்றை விஸ்ஸர் 1612-இல் மறுபடி பொறித்து விற்றார். அதே 1612-இல் எசையாஸ் வான் டி வெல்டெ, வில்லெம் பாய்ட்டெவெக், ஹெர்குலிஸ் செகர்ஸ் ஆகிய மூவரும் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஒரே ஊரில் ஒரே ஆண்டில் இப்படி மூவர் கூடியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் டச்சு நிலக்காட்சியின் தொடுவானம் தாழ்ந்ததும், மனிதர்கள் சிறுத்ததும், வானம் தாளின் பாதிக்கு மேல் பரவியதும் அவர்களாலும் அவர்களோடு பணிசெய்த யான் வான் டி வெல்டெயாலும்தான்.

இவ்வளவு எளிய படங்களைப் 'பரோக்' என்று அழைப்பது பொருந்துமா?

நியாயமான ஐயம். பதினேழாம் நூற்றாண்டின் ஆடம்பரமும் உணர்ச்சி வேகமும் மிக்க கலைப்பாணியான பரோக் என்றதும் ரோமின் தேவாலயக் கூரைகளும் முறுக்கிய தூண்களும் நினைவுக்கு வருகின்றன. புராட்டஸ்டண்ட் ஹாலந்தில் அவற்றுக்கு இடமில்லை. காலத்தைக் குறிக்கும் பெயராக மட்டும் அதை எடுத்துக்கொள்வது ஒரு வழி. இருந்தாலும் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான மோதல், நகரும் மேகம், கண்ணை மூலைவிட்டமாக உள்ளே இழுத்துச் செல்லும் பாதை, கணத்தில் மாறிவிடக்கூடிய வானிலை ஆகிய பரோக் இயல்புகள் இந்தச் சிறிய தாள்களிலும் இருக்கின்றன.

ஒரு தகடு எவ்வாறு தயாரிக்கப்பட்டு அச்சிடப்பட்டது?

செப்புத் தகடு அடித்துத் தட்டையாக்கப்பட்டு, கண்ணாடிபோல் மினுங்கும்வரை தேய்க்கப்படும். அதைச் சூடாக்கி, தேன்மெழுகு, நிலக்கீல், பிசின் ஆகியவை கலந்த பூச்சைப் பரப்புவார்கள். வரையும் கோடு தெளிவாகத் தெரிவதற்காக மெழுகுத்திரிப் புகையில் காட்டிப் பூச்சைக் கறுப்பாக்குவது வழக்கம். அப்போது ஊசி கீறிய இடம் கறுப்பின்மேல் செம்பொன் நிறக் கோடாக ஒளிரும். இது வரைபவருக்கு ஒரு சோதனையும்கூட, ஏனெனில் அச்சில் கறுப்பாக வரவேண்டியது தகட்டில் வெளிச்சமாகத் தெரிகிறது. இடமும் வலமாக மாறுகிறது. தகட்டின் பின்புறமும் விளிம்புகளும் பூச்சால் மூடப்பட்ட பிறகு அமிலம் இடப்படுகிறது.

கைத்திறன் உண்மையில் வெளிப்படும் இடம் இந்த அமிலக் கட்டம்தான். எல்லாக் கோடுகளையும் ஒரே அளவுக்கு அரிக்கவிட்டால் தொலைவிலுள்ள கோபுரமும் அருகிலுள்ள மரமும் ஒரே கருமையில் நின்று, காட்சி தட்டையாகிவிடும். ஆகவே தொடுவானக் கோடுகள் சிறிது அரிபட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் பூச்சால் அடைத்துவிட்டு, மற்றதை அமிலத்தில் தொடர விடுவார்கள். பின்னர் நடுநிலத்தை அடைத்து, முன்னிலத்தை மேலும் ஆழமாக அரிக்கவிடுவார்கள். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்தால், தொலைவு மெல்லிய சாம்பல் நிறத்திலும் அருகாமை ஆழ்ந்த கறுப்பிலும் அமைந்து, காற்றின் தடிமனே தாளில் உணரப்படும். நேரத்தைச் சரியாக மதிப்பிடத் தவறினால் கோடுகள் ஒன்றோடொன்று உடைந்து கலந்துவிடும். பூச்சில் நுண்ணிய விரிசல் இருந்தால் வேண்டாத புள்ளிகள் வானத்தில் விழும். அத்தகைய புள்ளிகளைச் சிலர் சுரண்டி அழித்தார்கள். சிலர் பறவையாக்கியிருக்கவும் கூடும்.

அச்சிடும்போது தகடு முழுவதும் மை தடவி, பிறகு துணியாலும் உள்ளங்கையாலும் மேற்பரப்பைத் துடைப்பார்கள். பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளும் கம்பளித் துணியும் மேலே வைக்கப்பட்டு, இரு உருளைகளுக்கு இடையில் தகடு நுழைக்கப்படும். தகட்டின் விளிம்பு தாளில் ஒரு செவ்வகத் தடத்தை அழுத்திவிட்டுப் போகிறது. உண்மையான எட்சிங்கை அடையாளம் காண அந்தத் தடமும் ஒரு குறிப்பு.

அந்தக் காலத்தில் இதைக் கற்பிக்கும் நூல் ஏதும் இருந்ததா?

பாரிஸில் ஆப்ரகாம் போஸ் 1645-இல் வெளியிட்ட நூலே எட்சிங்குக்கான முதல் விரிவான கையேடு. அவர் முன்மாதிரியாகக் கொண்டது நான்சியில் பிறந்த எட்சிங் கலைஞர் ழாக் கல்லோவை. கல்லோ மென்மையான மெழுகுக்குப் பதிலாக, வீணை போன்ற நரம்புக் கருவிகள் செய்வோர் பயன்படுத்தும் கடினமான வார்னிஷைத் தகட்டில் பூசினார். அது எளிதில் உதிராததால் பலமுறை அடைத்து அரிக்கும் முறை நம்பகமானது. நுனி சாய்வாகத் தீட்டப்பட்ட ஒரு கருவியைச் சுழற்றி வரைந்து, உளிக் கோடுபோலவே தடித்து மெலியும் கோட்டையும் அவர் வரவழைத்தார். ஆனால் போஸின் இலட்சியம் எட்சிங்கை எங்கிரேவிங்போல் தோன்றச் செய்வது. டச்சுக்காரர்கள் பெரும்பாலும் அதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள் என்பதும், இன்று நம் கண்ணுக்கு அவர்களே புதியவர்களாகத் தெரிகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஹெர்குலிஸ் செகர்ஸ் யார்? அவரை ஏன் தனித்துப் பேசுகிறார்கள்?

செகர்ஸ் 1589-90 அளவில் ஹார்லெமில் பிறந்தவர். 1630-களில் இறந்தார் எனக் கருதப்படுகிறது. அவர் பொறித்த 54 தகடுகளிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பவை சுமார் 180 பிரதிகளே. மற்றவர்கள் ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் ஒரேமாதிரிப் பிரதிகள் எடுத்து விற்றபோது, இவர் ஒவ்வொரு பிரதியையும் வேறாக்கினார். ஒரே பாறைப் பள்ளத்தாக்கை நீல மையில் ஒருமுறையும், வண்ணம் தீட்டிய தாளில் மஞ்சள் மையில் ஒருமுறையும், துணியின்மேல் இன்னொருமுறையும் அச்சிட்டு, மேலே தூரிகையால் நிறமும் சேர்த்தார். ஓரங்களைத் தம் விருப்பப்படி வெட்டினார். அவர் ஓவியத்தையே அச்சடித்தார் என்று டச்சு ஓவியரும் எழுத்தாளருமான சாமுவேல் வான் ஹோக்ஸ்ட்ராட்டன் 1678-இல் எழுதினார். அச்சுக்கலையின் அடிப்படை நியாயம் ஒன்றைப் பலவாக்குவது. செகர்ஸ் பலவற்றுக்கு வழி இருந்தும் ஒன்றையே தேடினார். அவருடைய காலத்துச் சந்தையில் அதற்கு விலை கிடைக்கவில்லை.

அவருடைய மலைகள் ஹாலந்தில் இல்லாதவை. அரிபட்ட பாறைகள், உயிர்ப் பூஞ்சை படர்ந்ததுபோன்ற தரை, ஆளரவமற்ற சமவெளி ஆகிய இவை பெரும்பாலும் கற்பனையில் உருவானவை. ஆயினும் தம் வீட்டுச் சன்னலிலிருந்து தெரிந்த ஆம்ஸ்டர்டாமின் வடக்குத் தேவாலயத்தையும் அவர் பொறித்திருக்கிறார். பாசி தொங்கும் மரம் ஒன்றைக் காட்டும் அவருடைய படம் உலகில் ஒரே பிரதியாக ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அவர் கையாண்டது, சர்க்கரைக் கரைசலால் தூரிகைகொண்டு தகட்டில் வரைந்து, மேலே பூச்சிட்டு, நீரில் சர்க்கரையைக் கரையவிட்டு வரைந்த இடத்தை மட்டும் திறக்கும் முறை. பிறர் இதைப் பரவலாகக் கைக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. செம்பு விலை கூடிய பொருள் என்பதால், கப்பல் வரைந்த பெரிய தகடு ஒன்றை வெட்டி அதன்மேலேயே நிலக்காட்சி பொறித்தார். அவ்வகைப் பிரதிகளில் மலைகளுக்கு மேல் பாய்மரக் கயிறுகளின் தடம் இன்னமும் தெரிகிறது.

ரெம்பிராண்ட் இதில் எங்கே வருகிறார்?

ரெம்பிராண்ட் செகர்ஸின் தீவிர ரசிகர். 1656-இல் அவர் கடனில் மூழ்கியபோது எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில் செகர்ஸின் எட்டு ஓவியங்கள் இருந்தன. செகர்ஸின் தகடு ஒன்றும் அவர் கைக்கு வந்தது. விவிலியக் கதையில் வரும் தோபியாவையும் வானதூதரையும் காட்டிய அந்தத் தகட்டில், உருவங்கள் இருந்த பகுதியைச் சுரண்டி அழித்துவிட்டு, 1653 அளவில் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் திருக்குடும்பத்தை அவர் பொறித்தார். நிலத்தின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவைத்தார். வானதூதரின் சிறகுத் தடங்கள் அங்கே புதர்களுக்கிடையில் ஒளிந்திருக்கின்றன.

ஏறத்தாழ 300 எட்சிங்குகள் செய்த அவர் பொறித்த தூய நிலக்காட்சிகள் முப்பதுக்கும் குறைவு. எல்லாம் 1640-க்கும் 1650-களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை. அவற்றில் புகழ்பெற்றது 1643-இல் வந்த 'மூன்று மரங்கள்'. இடப்புறம் அளவுகோல் வைத்து இழுத்ததுபோன்ற சாய்ந்த கோடுகளாக மழை. வலப்புறம் மேட்டில் மூன்று மரங்கள். இடையில் பரந்த வெளியும் தொலைவில் நகரமும். கூர்ந்து நோக்கினால் மீன் பிடிப்பவரும், மேட்டின்மேல் அமர்ந்து வரைபவரும், முன்னிலப் புதரின் இருளில் ஒரு காதல் இணையும் தெரிகிறார்கள். மூன்று மரங்களைக் கல்வாரியின் மூன்று சிலுவைகளாக வாசிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பைத் தடுக்க எதுவும் இல்லை. கட்டாயப்படுத்தவும் எதுவும் இல்லை.

ஆயினும் அவருடைய உண்மையான துணிச்சல் சிறிய தாள்களில் இருக்கிறது என்பதே இதை எழுதுபவரின் கருத்து. 1640 அளவில் செய்த ஆம்ஸ்டர்டாம் காட்சி ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரியது. அதில் வானத்தில் ஒரு கோடுகூட இல்லை. வெற்றுத் தாளே வடகடல் வெளிச்சமாக நிற்கிறது. அடியில் நாணலும், காற்றாலைகளும், கோபுரங்களும் மெல்லிய ஒரு பட்டையில் அடங்கிவிடுகின்றன. 1645-இல் பொறித்த பாலம் ஒன்றின் படத்தைப் பற்றி ஒரு கதை உண்டு: நண்பர் யான் சிக்ஸின் வீட்டில் உணவு மேசையில் கடுகு இல்லாமற்போக, பணியாள் கிராமத்துக்குச் சென்று அதை வாங்கி வருவதற்குள் ஒரு தகட்டை முடிப்பதாக ரெம்பிராண்ட் பந்தயம் கட்டினாராம். இதைப் பதிவுசெய்த பாரிஸ் வணிகர் ழெர்சான் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். கதையை முழுதாக நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தின் கோடுகளைப் பார்த்தால் கதை ஏன் பிறந்தது என்பது புரியும்.

ட்ரைபாயிண்ட் என்பது என்ன?

அமிலம் இல்லாமல் ஊசியால் செம்பை நேரே கீறும் முறை அது. கீறும்போது கோட்டின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால், அச்சில் அந்தக் கோடு வெல்வெட்போல் கசிந்து கறுக்கும். 1651-இல் ஹார்லெமுக்கு அருகிலுள்ள வெளியைக் காட்டும் படத்தில் ரெம்பிராண்ட் மரக்கூட்டங்களுக்கு இதைக் கையாண்டார். அழுத்தத்தில் பிசிறு விரைவில் தேய்ந்துவிடும். சில பத்துப் பிரதிகளுக்குமேல் அந்தச் செழுமை நிற்பதில்லை. ஆகவேதான் ஒரே தகட்டின் முற்பிரதிக்கும் பிற்பிரதிக்கும் விலையில் பெரும் வேறுபாடு காணப்படுகிறது.

படத்திலுள்ள நகரங்கள் ஏன் இடவலம் மாறித் தெரிகின்றன?

தகட்டில் வரைந்தது தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழும். வரைபடம்போல் பயன்பட வேண்டிய காட்சிகளைப் பொறித்தவர்கள் முன்கூட்டியே திருப்பி வரைந்தார்கள். ரெம்பிராண்ட் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருடைய ஆம்ஸ்டர்டாமும் ஹார்லெம் வெளியும் இடவலம் மாறியே இருக்கின்றன.

நெதர்லாந்துக்கு வெளியே குறிப்பிடத்தக்கவர்கள் யார்?

ரோமில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் கிளாட் லொரேன் நாற்பதுக்கு மேற்பட்ட எட்சிங்குகள் செய்தார். 1636-இல் அவர் பொறித்த மாடு மேய்ப்பவன் படத்தில் மரத்தடியில் ஒருவன் குழலூத, மாடுகள் நீரைக் கடக்கின்றன. இலைகளுக்கிடையே பாயும் மாலை வெளிச்சம் நுண்ணிய புள்ளிகளாலும் கோடுகளாலும் மட்டுமே உருவாகிறது. டச்சுக்காரர் அண்டை ஊரைப் பார்த்தார் என்றால், கிளாட் இழந்துபோன ஒரு பொற்காலத்தைப் பார்த்தார்.

பிராக் நகரில் பிறந்த வென்செஸ்லாஸ் ஹொல்லர் வேறொரு திசையில் போனார். 1647-இல் வெளிவந்த அவருடைய லண்டன் நெடுங்காட்சி, தேம்ஸ் நதியின் தென்கரைத் தேவாலயக் கோபுரத்திலிருந்து தெரிந்த நகரத்தைப் பல தகடுகளில் விரிக்கிறது. 1666-இன் பெருந்தீயில் அந்த நகரத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டதால், அழகுக்காகச் செய்யப்பட்ட படம் ஆவணமாயிற்று. குளோப் நாடக அரங்குக்கும் கரடிச் சண்டைக் களத்துக்கும் அதில் பெயர்கள் மாறி விழுந்திருக்கின்றன என்பதையும் ஆவணமாகக் கொள்வோர் மறக்கக் கூடாது.

தமிழ் நிலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியான கலைத் தொடர்பு இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் டச்சுப் போதகராகப் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றிய நூலில், யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களும் கரையோர ஊர்களும் செப்புத் தகட்டுப் படங்களாக இடம்பெற்றன. அவை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் பதிவுகள். தென்னையும் பனையும் டச்சு வானத்தின்கீழ் சற்று அந்நியமாகவே நிற்கின்றன. இன்னொரு இணைப்பும் உண்டு: அதே கம்பெனியின் கப்பல்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் சாயல் தாளில்தான் ரெம்பிராண்ட் தம் பிற்காலப் பிரதிகள் பலவற்றை அச்சிட்டார்.

இப்படங்களை இன்று எங்கே, எப்படிப் பார்ப்பது?

ரைக்ஸ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தம் தொகுப்பிலுள்ள பிரதிகளை உயர்ந்த தெளிவுடன் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்; அங்கே எட்சிங் அச்சிடும் முறையையும் செய்துகாட்டுகிறார்கள். தாள் வெளிச்சத்தில் நிறம் மாறும் என்பதால் எந்த அருங்காட்சியகமும் இவற்றை நிரந்தரமாகச் சுவரில் மாட்டுவதில்லை. முன்கூட்டி எழுதிக் கேட்டால் பல இடங்களில் ஆய்வறையில் பார்க்க இசைவு கிடைக்கும்.

திரையில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிதாக்கிய படம் தகட்டின் உண்மை அளவை மறைத்துவிடுகிறது. பட விவரத்தில் தரப்பட்டுள்ள அளவுக்குத் தாளில் ஒரு செவ்வகம் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், 'மூன்று மரங்கள்' 21 சென்டிமீட்டர் உயரமும் 28 சென்டிமீட்டர் அகலமும்தான் என்பது தெரியும். ரெம்பிராண்டின் நிலக்காட்சி எட்சிங்குகளில் மிகப் பெரியது அதுவே.